யாரைப் பார்த்துப் பாடுகிறீர்கள்?

"உன்னால் முடியும்" என்று பல்லவி எடுக்கிற பாட்டுக்கு இனிமேல் ரிதம் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இருபது வருஷமாக லைட் மியூசிக் கச்சேரிகளில் ரிதம் பேட் வாசித்துச் சாப்பிடுகிறவன் இப்படிக் கறாராக இருப்பது பிழைப்புக்கு நல்லதில்லை. வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். ஆனாலும் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளி இளைஞர்கள் மேடையேறி, தாங்களே பாடி, தாங்களே வாசித்து, மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துகிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் பாட்டின் வரிகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எழுந்து வா, தடையை உடை, சிறகை விரி, நீ ஜெயிப்பாய். எல்லாமே முன்னிலை ஒருமை. எல்லாமே ஏவல். ஏவப்படுகிறவர் யார்? மேடையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிற அதே பெண். அவளுக்கு அவளே உத்தரவு போட்டுக்கொள்கிறாள். கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கம்பெனி அதிகாரிக்கும், கல்லூரி நிர்வாகிக்கும், ஊராட்சித் தலைவருக்கும் அந்தப் பாட்டில் ஒரு வேலையும் இல்லை. கைதட்டினால் போதும்.

இவ்வளவுதான் என் சண்டை. பாட்டு யாரை விளித்துப் பாடப்படுகிறது என்கிற சின்ன இலக்கண விஷயம். ஆனால் மொத்த அரசியலும் அங்கேதான் இருக்கிறது.

நான் இருப்பது தண்டலத்தில். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்தால் செம்பரம்பாக்கம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால். காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்களும் கல்லூரி பஸ்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போகும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் வேறு ஊராக மாறிவிட்டது. அந்தப் பக்கம் ஒரகடத்தில் நிஸான், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். கார் பந்தயத்துக்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் இருக்கிறது. வீல்சேரில் வருகிற ஒருவர் நெடுஞ்சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால், அது தனியாக ஒரு பந்தயம்.

போன வருஷம் இந்த வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் விழிப்புணர்வு இசை நிகழ்ச்சி. எந்த மண்டபம், யார் ஸ்பான்சர் என்பதெல்லாம் வேண்டாம். எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பதினோரு பிள்ளைகள். கீபோர்டு வாசிக்கிற பையனுக்குப் பார்வை கிடையாது. பாடுகிற பெண் வீல்சேரில் வருகிறவள், பேஸ்கட்பாலும் விளையாடுகிறாள். எனக்கு இடது கால் போலியோ என்பதால் "நம்ம அண்ணாவே வாசிக்கட்டும்" என்று கூப்பிட்டார்கள். மேடைக்கு ஐந்து படி. சாய்தளம் இல்லை. நான்கு பேர் அவளை வீல்சேரோடு தூக்கி மேலே வைத்தார்கள். கூட்டம் அதற்கே கைதட்டியது. அவள் மைக்கைப் பிடித்து "தடைகளைத் தாண்டிடு" என்று ஆரம்பித்தாள். எனக்குக் கை ஓடவில்லை.

முடிந்து இறங்கி வந்தபோது, மறுபடி நான்கு பேர் தூக்கி இறக்கிய பிறகு, அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ண்ணா, அஞ்சு படிதான் தடை. மேஸ்திரிய கூட்டியாந்து ரெண்டு மூட்ட சிமென்டு போட்டா போயிடும். அதுக்கு எதுக்குண்ணா பாட்டு?"

சவுண்டு சர்வீஸ்காரருக்கு அன்றைக்கே பணம் கொடுத்துவிட்டார்கள். பதினோரு பிள்ளைகளுக்கும் பொன்னாடை, மொமென்டோ, டிபன். "அவங்களுக்கு இது ஒரு எக்ஸ்போஷர் சார்" என்றார் ஏற்பாட்டாளர். எக்ஸ்போஷரை வைத்து ஆட்டோவுக்குக் கொடுக்க முடியாது. வீல்சேர் ஏறுகிற பஸ் இல்லாததால் அந்தப் பெண் ஆட்டோவில்தான் வந்துபோக வேண்டும்.

நம் காது ஏன் இப்படிப் பழகிப்போனது என்று யோசித்துப் பார்த்தேன். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். தோளில் ஸ்பீக்கரும் கையில் மைக்குமாக ஒருவர் ஏறுவார். குரல் கேட்டவுடனே, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நம் கை சட்டைப் பைக்குப் போகும். இல்லாவிட்டால் கண் ஜன்னலுக்குப் போகும். அவர் நன்றாகப் பாடுகிறாரா, சுருதி சேர்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை. அந்தத் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் என்னோடு கச்சேரியில் பாடியவர்கள். குறை கேட்கிற காதில்தான். மாற்றுத்திறனாளியின் பாட்டு என்றால் அது இரக்கத்துக்கான விண்ணப்பம் என்று அந்தக் காது பல காலமாகப் பழக்கப்பட்டிருக்கிறது. சினிமாவும் அதைத்தான் ஊட்டி வளர்த்தது. 'காசி'யில் விக்ரம் பார்வையற்ற கிராமத்துப் பாடகன். 'நான் கடவுள்' படத்தில் பாடிப் பிச்சையெடுக்கும் பார்வையற்ற பெண். 1981இல் வந்த 'ராஜபார்வை'யில் மட்டும் கமல்ஹாசன் ஸ்டுடியோவில் வயலின் வாசித்துச் சம்பாதிக்கிற ஆளாக வந்தார், கோபப்பட்டார், காதலித்தார். அந்தப் படம் ஓடவில்லை.

அந்த 1981ஐ ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. இங்கிலாந்தில் இயன் டியூரி என்றொரு பாடகர். ஏழு வயதில் போலியோ வந்து ஒரு காலும் ஒரு கையும் பாதிக்கப்பட்டவர். ஊர் முழுக்க இரக்கத்தோடு அந்த ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவருக்கு எரிச்சல் வந்தது. 'ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்' என்று ஒரு பாட்டு எழுதினார். தன்னைப் போன்றவர்களை ஏசுவதற்கு மற்றவர்கள் வைத்திருந்த சொல்லையே எடுத்துத் தன் பெயராக வைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் கத்துகிற பாட்டு. பி.பி.சி. அதைப் பகல் நேரத்தில் ஒலிபரப்ப மறுத்தது. ஊனமுற்றோர் ஆண்டில், ஊனமுற்ற ஒருவர் எழுதிய பாட்டு, மற்றவர்கள் மனம் புண்படும் என்று ஓரங்கட்டப்பட்டது! முப்பத்தொரு வருஷம் கழித்து, 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அதே பாட்டை மாற்றுத்திறனாளி கலைஞர்களின் கிரேயே நாடகக் குழு மைதானத்தின் நடுவில் பாடியது. விழாவை இயக்கிய இருவரில் ஒருவர் ஜென்னி சீலி, காது கேளாதவர். டியூரி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இந்தக் கதை ஒரேயடியாக இனிப்பானதும் இல்லை. அதே 2012இல் அந்தப் போட்டிகளை ஒளிபரப்பிய சேனல் 4, வீரர்களை 'சூப்பர்ஹ்யூமன்' என்று பெயர் வைத்து, ஒரு ராப் பாட்டின் பின்னணியில் விளம்பரம் செய்தது. 2016இல் அதன் அடுத்த பாகம். சாமி டேவிஸ் ஜூனியரின் பழைய பாட்டு ஒன்றை மாற்றுத்திறனாளி இசைக்கலைஞர்களின் குழுவே வாசித்தது. பாட்டின் தலைப்பு 'என்னால் முடியும்'. நம்மூர் 'உன்னால் முடியு'மை விட ஒரு படி மேல், தன்மையில் பேசுகிறது. வாசிப்பு பிரமாதம். ரிதம் பகுதியை நான் பலமுறை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதிமனிதர்கள் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் கதி என்ன? ஓடாதவர், தாண்டாதவர், உதவித்தொகையை நம்பி வீட்டிலிருப்பவர் எல்லாம் முயற்சி போதாதவர்கள் என்றாகிவிடுகிறது. இதைச் சொன்னவர்கள் அங்கிருந்த மாற்றுத்திறனாளிகளேதான். உதவித்தொகைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று அரசுக்காகப் பரிசோதித்து ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த அட்டோஸ் என்ற நிறுவனமே அந்தப் பாராலிம்பிக்கின் ஸ்பான்சராகவும் இருந்தது. போட்டி நடந்த நாட்களில் அதன் லண்டன் அலுவலகத்துக்கு முன்னால் மாற்றுத்திறனாளிகள் மறியல் செய்தார்கள். உள்ளே கைதட்டல், வெளியே மறியல்.

நம் நாட்டுக்கு வருவோம். டோக்கியோ பாராலிம்பிக்குக்கு முன், 2021 ஆகஸ்ட் 3 அன்று, இந்திய அணிக்கான பாட்டை விளையாட்டு அமைச்சர் அனுராக் தாக்கூர் வெளியிட்டார். 'கர் தே கமால் தூ.' இசையமைத்துப் பாடியவர் லக்னோவைச் சேர்ந்த சஞ்சீவ் சிங். அவரே மாற்றுத்திறனாளி கிரிக்கெட் வீரர். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பெரிய பாடகரைப் பிடித்து வந்து செய்யாமல், விளையாடுகிறவரிடமே கொடுத்தார்கள். ஆனால் தலைப்பைப் பாருங்கள்: 'நீ அசத்திக் காட்டு.' மறுபடியும் முன்னிலை ஒருமை, மறுபடியும் ஏவல். போனது 54 பேர். வந்தது 19 பதக்கம், அதில் 5 தங்கம். அசத்திக் காட்டிவிட்டார்கள் ஐயா. அடுத்து யார் அசத்த வேண்டும்?

2024 பாரிஸில் 29 பதக்கம். அதில் நான்கு தமிழ்நாட்டுக்காரர்களுடையது. செப்டம்பர் முதல் வாரத்தில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு வெண்கலம். மாரியப்பனுக்கு அது தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம், ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி. மாநில அரசு நால்வருக்குமாகச் சேர்த்து 5 கோடி ரூபாய் கொடுத்தது. துளசிமதி காஞ்சிபுரத்துப் பெண். இதே நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேர பஸ் பயணம். அவர் ஜெயித்த வாரத்தில் இங்கே ஃபிளெக்ஸ் வைக்காத சந்திப்பு இல்லை. அப்புறம் எதற்கு இன்னும் 'விழிப்புணர்வு'? இந்தப் பெண்களின் பெயரைக் கேள்விப்படாத ஆளா மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்?

இந்த நால்வரும் எப்படிக் கிடைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாரியப்பனை ஒரு பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் கவனித்தார். பிறகு சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் பெங்களூருக்கு அழைத்துப் போனார். துளசிமதிக்கு அப்பாதான் முதல் பயிற்சியாளர். அதாவது யாரோ ஒருவருக்கு, இந்த உடம்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது, அந்தப் பிரிவில் போட்டி இருக்கிறது என்கிற தகவல் தெரிந்திருந்தது. துளசிமதியும் மனிஷாவும் ஆடியது எஸ்.யு.5 என்ற பிரிவு, கை பாதிக்கப்பட்டவர்களுக்கானது. நித்யஸ்ரீ ஆடியது எஸ்.எச்.6, உயரம் குறைந்தவர்களுக்கானது. மாரியப்பன் தாண்டுவது டி63. வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு தகப்பனாருக்கு, கை சற்று வளைந்த மகள் இருக்கிறாள் என்றால், "தடையை உடை" என்ற பாட்டிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "எஸ்.யு.5 என்று ஒன்று இருக்கு, மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல போய்க் கேளு, முதலமைச்சர் கோப்பையில மாற்றுத்திறனாளிக்குத் தனிப் பிரிவு இருக்கு" என்று ஒரு பாட்டு சொன்னால் அதில் அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

இதைச் சொன்னால் கவிஞர் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அது பாட்டா, நோட்டீஸா?" நோட்டீஸ்தான். என்ன குறைச்சல்? பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்றுதானே பொருள். ஊருக்குச் செய்தி சொல்லத்தான் தோலைக் கட்டித் தட்டினார்கள். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியது தனி அநியாயம். 2022இல்தான் அரசு தண்டோரா வேண்டாம் என்று உத்தரவு போட்டது. சாதியை ஒழிக்க வேண்டும். சேதி சொல்கிற தாளத்தை ஏன் ஒழிக்க வேண்டும்?

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டுகளுக்குள்ளேயே இசை இருக்கிறது. பாட்டு எழுதுகிறவர்கள் யாரும் மைதானத்துக்குப் போய்க் கேட்பதில்லை. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் குண்டுமணிகள் கிடக்கும். பந்து உருளும்போது கலகலவென்று சத்தம். பந்து வீசுகிறவர் "ரெடி?" என்று கேட்பார், மட்டையாளர் "யெஸ்" என்பார், "ப்ளே" என்று சொல்லிப் பந்தை விடுவார். கேள்வி, பதில், அடி: கச்சேரியில் நாங்கள் செய்கிற அதே சங்கதி. முழுப் பார்வையற்றவர் எடுக்கிற ரன் இரண்டு மடங்காகக் கணக்கில் சேரும் என்று சொன்னால் பாதிப் பேர் ஆச்சரியப்படுவார்கள். கோல்பாலில் ஒன்றேகால் கிலோ பந்து, உள்ளே மணி. பார்வையற்றோர் கால்பந்தில் பந்தைப் பறிக்க வருகிறவர் "வோய்" என்று குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஸ்பானிஷ் மொழியில் 'வருகிறேன்' என்று அர்த்தம். இந்த ஆட்டங்களில் பந்து ஓடும்போது பார்வையாளர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கோல் விழுந்த பிறகுதான் கத்தலாம். மேளதாளத்தோடு ஆதரவு தரக் கிளம்புகிற எந்த இசைக்குழுவுக்கும் முதல் பாடம் எங்கே வாசிக்கக் கூடாது என்பதுதான். அமைதியும் தாளத்தில் சேர்த்திதான், வித்வான்களே.

வீல்சேர் பேஸ்கட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் அதே பத்தடி உயரம், ஒரு அங்குலம்கூடக் குறைப்பதில்லை. ஐந்து பேருக்கும் உடல் பாதிப்பைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. அதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர் இல்லாமல் அணியே அமையாது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு தரம்தான் தள்ளலாம். அப்புறம் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். தள்ளு, தள்ளு, தட்டு. அந்தப் பெண் இதை எனக்கு விளக்கியபோது என் விரல் தானாக மேசையில் ஓடியது. மூன்று எண்ணிக்கை, மூன்றாவதில் அழுத்தம். இதற்கு மேல் ஒரு பாட்டுக்கு என்ன வேண்டும்? 'சிறகை விரி'யும் வேண்டாம், 'சூரியனைத் தொடு'வும் வேண்டாம். தள்ளு தள்ளு தட்டு என்று ஒரு தெருப் பிள்ளை பாடிக்கொண்டு போனால், அவனுக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்று தெரிந்துவிட்டது என்று பொருள்.

பாட்டை மட்டும் நம்புவதிலும் ஒரு தப்பு இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மதுரை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார். அவருக்குக் காது கேளாது. காது கேளாதோரின் போட்டிகள் 1924இலேயே பாரிஸில் தொடங்கிவிட்டன, முதல் பாராலிம்பிக்குக்கு 36 ஆண்டு முன்னால். அங்கே ஓட்டப் பந்தயத்தைத் துப்பாக்கிச் சத்தம் தொடங்கி வைப்பதில்லை, விளக்கு தொடங்கி வைக்கிறது. இப்படி இருக்க, நம் விழிப்புணர்வுக் கச்சேரிகளில் ஒன்றிலாவது மேடையோரம் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கிறாரா? நான் வாசித்தவற்றில் இல்லை. மரப்பலகை மேடையில் பெரிய டிரம்மை வைத்து அடித்தால் காலடியில் அதிர்வு வரும்; காது கேளாத பிள்ளைகள் அதில் நிற்பார்கள், ஆடுவார்கள். காது கேளாத தாளக் கலைஞர் ஈவ்லின் கிளெனி செருப்பில்லாமல் நின்றுதான் வாசிப்பார். லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் வாசித்தார். நம் மண்டபங்களில் மேடைக்கு மேல் கம்பளம் விரித்து, அதன் மேல் பூ தூவி, இருக்கிற அதிர்வையும் கொன்றுவிடுகிறார்கள்.

சரி, யாரைப் பார்த்துப் பாடுவது? சட்டம் அதற்கு முகவரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆவது பிரிவு கலையையும் விளையாட்டையும் ஒரே பிரிவுக்குள் வைத்துப் பேசுகிறது. பாடுவதும் ஓடுவதும் அங்கே அடுத்தடுத்த வீடு. அதை ஒட்டி வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 29ஆவது பிரிவு கலை, 30ஆவது பிரிவு விளையாட்டு. விளையாட்டு வசதிகளை மாற்றியமைப்பது அரசின் கடமை என்கிறது. கடமை. கருணை என்ற சொல் அதில் இல்லை. கம்பெனிகளுக்கும் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. தொழிற்சாலை இருக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எத்தனை லாபக் கணக்கு! அந்த 2 சதவீதத்தில் ஒரு துளி மேடைக்கும் ஃபிளெக்ஸுக்கும் பொன்னாடைக்கும் வந்து சேர்கிறது. ஒரு தரைதளக் கூடம், பத்து ஸ்போர்ட்ஸ் வீல்சேர், ஒரு பயிற்சியாளர், ஒரு சாய்தள வேன் என்று அது ஏன் வந்து சேரவில்லை? சாதாரண ஆஸ்பத்திரி வீல்சேரில் பேஸ்கட்பால் ஆட முடியாது. சக்கரம் கீழே அகன்று மேலே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது குப்புறத் தள்ளிவிடும். இதுதான் அவர்களுக்கு ஏற்படுத்த வேண்டிய விழிப்புணர்வு.

இந்த வட்டாரத்தில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. பிரஸ் ஷாப்பில் விரல் போன பையன்கள் இல்லாத தெரு இங்கே குறைவு. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகளில்தான் அதிகம். அவர்களுக்கு ஊனம் என்பது முதலில் ஒரு சதவீதமாக அறிமுகமாகிறது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரு கையில் நாலு விரலும் போனால் 50. முழு ஆள்காட்டி விரலுக்கு 14. அந்தக் கையெழுத்தோடு அவன் விளையாட்டு முடிந்தது என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. எல்லோரும் பாரா வீரர் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிரிவுகளுக்குக் கடுமையான தகுதி உண்டு, எல்லாக் காயமும் அதில் வராது. ஆனால் இருபத்திரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடக்கூட ஆள் கூப்பிடாமல் போவதற்கு எந்த அட்டவணையில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது? உடம்பை எடுத்துக்கொண்ட தொழில், உடம்புக்கு ஒரு மைதானமாவது கொடுக்கட்டும். இதைப் பாட்டில் வைத்தால் ஸ்பான்சர் வர மாட்டார் என்கிறார்கள். அப்படியானால் ஸ்பான்சர் எந்தப் பாட்டுக்கு வருகிறார் என்பதும் தெரிந்துபோகிறது.

எனக்கு வரப்போகிற பதில்கள் தெரியும். "பிள்ளைங்க ஆசையா பாடுது, அத போய்க் கெடுக்கறீங்களே." நான் பாடாதே என்று சொல்லவில்லை. காதல் பாட்டு பாடட்டும், குத்துப்பாட்டு பாடட்டும். மாற்றுத்திறனாளி மேடை என்றாலே நம்பிக்கைப் பாட்டுதான் என்று யார் விதித்தது? "நம்பிக்கை குடுத்தாதானே வீட்டுல முடங்கிக் கிடக்கறவங்க வெளிய வருவாங்க." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நானே பதினாறு வயதுவரை கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு போய்ச் சாப்பிடுகிறவனாக இருந்தேன். ஒரு பேண்டு செட் அண்ணன் டிரம் ஸ்டிக்கைக் கையில் கொடுத்ததால்தான் வெளியே வந்தேன். கவனியுங்கள், ஸ்டிக்கைக் கொடுத்தார். அறிவுரை கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கச்சேரிக்குப் போக சைக்கிளில் ஏற்றிக்கொண்டும் போனார்.

அந்தப் பிள்ளைகள் இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். மூன்று பாட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒன்று 'தள்ளு தள்ளு தட்டு'. இன்னொன்றில் பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன, எஸ்.யு.5ஐ எதுகையில் உட்கார வைப்பதற்குக் கீபோர்டுக்காரப் பையன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பாட்டில் விளி இருக்கிறது. "ஹெச்.ஆர். சாரே" என்று ஆரம்பிக்கிறது. கச்சேரிக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, வண்டிச் செலவு தனி, மேடை என்றால் சாய்தளம், இல்லையென்றால் தரையில் வாசிப்போம் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதுவரை இரண்டு பேர் விசாரித்தார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்று போனவர்கள் வரவில்லை.

பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல கம்பெனிகளின் பார்க்கிங் காலியாகத்தான் கிடக்கிறது. தரை வழுவழுவென்று சமமாக இருக்கும். ஒரு மேடு பள்ளம் கிடையாது, வாசலில் படியும் கிடையாது. இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற மாதிரி வளையக் கம்பம் ஒன்று போதும். மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். காலை ஏழிலிருந்து பத்து வரை.